மருமகன் சேராத காப்புறுதி

நஜ்லாட வாப்பா, ஒப்பந்தம் முடிய ரெண்டு வருசம் இருக்கக்குள்ளயே நான் வேலய உட்டுட்டு ஊருக்கு வந்தா நோய் நொடிக்கு என்ன செய்யிறண்டு கேட்டீங்களே, அதுக்கு அல்லாஹ் வழி காட்டிட்டான். அஸ்ஸலாமு அலைக்கும். உங்கட முழங்கால் எப்பிடி? புள்ளைகள் சுகம்தானே?

போன வெள்ளி கொழும்பால ஒரு காப்புறுதித் தம்பி இஞ்ச தோஹாக்கு வந்தாரு. வட்டியில்லாத காப்புறுதியாம், வருசா வருசம் காசு கட்டினா நோய் வந்தா ஆஸ்பத்திரிச் செலவ அவங்க பாப்பாங்களாம். குடும்பத்துல ஆரெல்லாம் எண்டு கேட்டாரு. முதல் பேரா நம்மட மருமகன் முர்ஷிதச் சென்னன்.

"உம்மா, மருமகன் குடும்பத்துல சேராது. மகன் இல்லையா?"

"மகன் நம்மட ஊர் வழக்கப்படி கலியாணம் முடிச்சி பொஞ்சாதிட ஊட்டுக்குப் போய்ட்டான். நம்மட ஊட்டுல சோறு தின்றது மருமகன்தான் தம்பி! நீங்க எந்த ஊரு?"

அவரு சிரிச்சிக் கண்ணத் தொடச்சிட்டுச் சென்னாரு, "கலியாணம் முடிச்ச புள்ளைகள் தனிக் குடும்பம் உம்மா. நீங்களும் வாப்பாவும் மட்டும்தான்."

பாருங்க, மகள், மருமகன், பேரப்புள்ளைகளோட ஆறு பேருக்குக் கணக்குப் பாத்தெல்லோ இவ்வளவு நாளும் பயந்த நான்! ரெண்டு பேருக்கெண்டா, நம்மட வயல்ல வருசம் பத்து மூட நெல் ஒதுக்கினாக் காணும். முர்ஷித் கடைக்காரன், தன்ட குடும்பத்துக்குத் தானே கட்டட்டும். சுனாமி கொண்டு போன ஊட்டயும் கட்டிட்டம், சண்டையும் முடிஞ்சிட்டு. இனி எனக்கு இஞ்ச என்ன வேல?

என்ட தலகாணிய வெயில்ல போட்டு வைங்க. இஞ்சத்த தலகாணில நித்திர வருதில்ல. மகள்க்கிட்டச் செல்லி மாசிக் கருவாட்டுச் சம்பலும் இடிச்சி வைங்க. இந்தக் கடிதம் கொண்டு வாற ஸகியா வாசல்ல நிண்டு கத்துறா, முடிக்கிறன். துஆச் செய்ங்க.

அல்லாஹ்வே, செல்ல மறந்துட்டன்! வேல ஊட்டம்மா டிக்கட் போட்டுத் தந்துட்டா. றமழான் தலநோன்புக்கு முந்தின வெள்ளிக்கிழம கட்டுநாயக்கா எயார்போட்டுல இறங்குறன்.