பதினான்கு கதவுகளும் எட்டுப் பக்கங்களும்

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் வீட்டில் கதவு என்பது துணி மாட்டுவதற்கான சாதனம். இதை எழுதும்போதே அம்மா இரண்டு முறை உள்ளே வந்துவிட்டாள். முதல் தடவை சீப்பு எடுக்க. இரண்டாம் தடவை, எதற்கு வந்தோம் என்று யோசிக்க.

ஆபீசில் பொறியாளர் இன்று புதிய பெண்கள் விடுதியின் தீத்தடுப்புக் கதவுகளை என் தலையில் கட்டிவிட்டார். தேர்வு செய்வதிலிருந்து மாட்டுவது வரை. மொத்தம் பதினான்கு. தீயணைப்பு அதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் விடுதி திறக்கும். திறந்தால் பதினோராம் அறை எனக்கு. வார்டன் வாக்குக் கொடுத்திருக்கிறார். அம்மாவும், "திறக்கட்டும், பாக்கலாம்" என்றாள். திறக்காது என்ற தைரியம்தான்.

மார்ச் 6, வெள்ளி

மரக்கதவு என்று முடிவு செய்துவிட்டேன். அம்மா சிரித்தாள். "அடுப்பெரிக்கிறதே மரத்தாலதான். அது நெருப்பத் தடுக்குமாடி?"

கனமான மரம் மெதுவாகத்தான் கரியும், விளிம்பில் காடி என்று ஒரு நீளப் பள்ளம் இருக்கும், அதில் பதிக்கிற பட்டை சூடு பட்டால் உப்பி இடுக்கை அடைக்கும், அரை மணி நேரம் தாங்கும் என்று விளக்கினேன்.

"அரை மணி நேரம்தானா? குக்கருக்கே அஞ்சு வருஷம் கேரண்டி தர்றான்."

மார்ச் 11, புதன்

தச்சு மேஸ்திரிக்கு எட்டுப் பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். உட்தலைப்புகள், அடிக்குறிப்புகள் உட்பட. மரியாதையாக வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். படிக்கப்போவதில்லை என்பது மடித்த விதத்திலேயே தெரிந்தது.

கதவைச் சுற்றி மூன்று மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்றதும் முகம் சுண்டிவிட்டது. "நான் மாட்டின கதவுல எறும்புகூட அனுமதி கேட்டுட்டுத்தாம்மா போகும்."

மார்ச் 17, செவ்வாய்

காய்ச்சல். லீவு.

மார்ச் 18, புதன்

ஐயோ.

மேஸ்திரி மரத்தூளையும் பசையையும் குழைத்துக் காடிகளையெல்லாம் அடைத்துவிட்டார். பதினாலு கதவுலயும்!

"கம்பெனிக்காரன் பள்ளத்தோட அனுப்பிட்டான்மா. வெளிய தெரியாம அடைச்சு பாலிஷ் போட்டிருக்கேன். தடவிப் பாருங்க."

தடவிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. அழுகை வந்தது.

"கூட வந்த பட்டையெல்லாம் எங்க மேஸ்திரி?"

"பார்சல் கட்டி வந்த ரப்பரா? பத்திரமா சுத்தி வெச்சிருக்கேன்."

"நாலாம் பக்கத்துல எழுதியிருக்கேனே!"

"இருக்கும்மா, இருக்கும்."

நாளை மறுநாள் அதிகாரி வருகிறார். பதினோராம் அறை போச்சு.

மார்ச் 19, வியாழன்

காலையில் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். ஒரு துண்டுப் பட்டையை இடுக்கியில் பிடித்து மெழுகுவத்திமேல் காட்டினேன். நெளிந்தது, பருத்தது, பல மடங்கு உப்பி நின்றது.

மேஸ்திரி கிட்டே குனிந்து பார்த்தார். "இது உள்ள இருந்தா தீப்பிடிக்கிறப்ப இடுக்கு தானா அடைஞ்சிரும்." நான் சொல்லவில்லை, அவரே சொன்னார். பிறகு, "இத அன்னிக்கே காட்டியிருந்தா என்னம்மா? ஒரு மெழுகுவத்தி!"

உடனே உளியை எடுத்துவிட்டார். மாலைக்குள் பத்துக் கதவு; மீதி நான்கும் விடிவதற்குள் என்றார்.

எழுதிவிட்டாலே சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்கிறேன் — வீட்டிலும் அப்படித்தானோ?

மார்ச் 20, வெள்ளி

அதிகாரி திறந்துவிட்ட பதின்மூன்று கதவுகள் விதிப்படி தாமாகச் சாத்திக்கொண்டன. பதினாலாவது திறந்தே நின்றது. காற்று வரட்டும் என்று வார்டன் தீயணைப்புக் கருவியையே முட்டாக வைத்திருந்தார்.

அதிகாரி கருவியைப் பார்த்தார், வார்டனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுவும் தீயணைக்கிற சாமான்தான். ஆனா இப்படி இல்ல."

நகர்த்தினேன். கதவு சாத்திக்கொண்டது. கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

பதினோராம் அறை. மதியம் அம்மா பார்க்க வந்தாள். உள்ளே வந்ததும் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

"யாருடி அது?"

"யாருமில்லம்மா. அது தானா சாத்திக்கும்."

திறந்துவிட்டாள். சாத்தியது. மூன்று முறை. "உன்ன மாதிரியே இருக்கு" என்றாள்.

போகும்போது சீப்பை மறந்து வைத்துவிட்டாள். வேண்டுமென்றேவா?

ஒரு மணி நேரமாக யாரும் உள்ளே வரவில்லை. நான்கு முறை எழுந்துபோய்த் திறந்தேன். நான்கு முறையும் சாத்திக்கொண்டது. மேஸ்திரி மாட்டியது, பின்னே?

அவர் திருப்பிக் கொடுத்த எட்டுப் பக்கங்களும் மேசையில்தான் இருந்தன. நன்றாக மடித்தால் கதவடிக்குச் சரியான கனம். ஆறாம் பக்கம், இரண்டாம் பத்தி, அடிக்கோட்டுடன்: 'எக்காரணம் கொண்டும் கதவின் அடியில் எதையும் செருகக் கூடாது.'

அந்தப் பக்கம் வெளியே தெரியாதபடி மடித்துச் செருகியிருக்கிறேன்.