நம் ரேடியோவில் கோளாறு இல்லை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் சௌக்கியம். உங்கள் மூட்டுவலியும் அம்மாவின் இருமலும் தேவலையா?

வானொலி நிலைய என்ஜினீயர் வீடு தேடி வந்து நம் ரேடியோவைக் கழற்றிப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். அதில் ஒரு கோளாறும் இல்லை. தப்பு என்னுடையது.

போன மாதம் ஒரு மாலை, இருட்டிய பிறகு, இங்கே நான் வேலை பார்க்கும் கட்டிடத்தின் மொட்டைமாடி மோட்டார் அறையில் லிப்டை நிறுத்திவிட்டு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். மோட்டார் நின்றதும் என் சின்ன ரேடியோவின் இரைச்சலும் அடங்கியது. மத்திய அலையில், கடல் தாண்டி, நம் ஊர் நிலையம் கேட்டது. “இன்றிரவு மழை பெய்யக்கூடும்” என்றார் அறிவிப்பாளர். வேலை முடிந்தும் லிப்டை ஓட்ட மனம் வரவில்லை. கீழேயிருந்து மேஸ்திரி, “எண்ணெய் போடுறியா, லிப்டைக் குளிப்பாட்டுறியா?” என்று கத்தினார்.

கேட்ட நேரத்தையும் நிகழ்ச்சியையும் எழுதி அனுப்பினால், கேட்டது உண்மை என்று நிலையத்தார் ஓர் அட்டை அனுப்புவார்கள். ‘ஒலி மிக மங்கல், அடிக்கடி மறைகிறது’ என்று எழுதி, விடுமுறையில் ஊருக்குப் புறப்பட்ட நண்பரிடம் கொடுத்து அங்கே தபாலில் போடச் சொன்னேன். என் விலாசம் எழுதும்போது மட்டும் கை பழக்கத்தில் நம் வீட்டு விலாசத்தைப் போட்டுவிட்டது. நிலையத்திலிருந்து நாலே தெரு தள்ளி மங்கலாகக் கேட்கிறது என்றால் அந்த என்ஜினீயர் பதறாமல் என்ன செய்வார்?

அவரிடம் விஷயத்தைச் சொல்லி அட்டையை வாங்கி வையுங்கள். விலாசத்தைத் திருத்த வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

மேஸ்திரி கூப்பிடுகிறார். மாலையில் ரேடியோவில் மழை என்று சொன்னால் மாடியில் காயும் துணியை அம்மாவை எடுக்கச் சொல்லுங்கள். அம்மா மறந்தாலும் இங்கே நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

லிப்டைக் குளிப்பாட்டும்
உங்கள் மகன்