நாலு வால்வும் எரிந்த பொங்கல்

என் அன்பான போடியாருக்கு,

வயலும் மாடும் உள்ள பெரிய மனிசர் என்று ஊரெல்லாம் உங்களை அப்படித்தான் கூப்பிட்டது. எனக்கு வாய்த்தது "இஞ்ச பாருங்க" மட்டும்தான். இன்றைக்கு ஆசைக்கு ஒருதரம் நானும் எழுதிப் பார்க்கிறேன். கோபிக்க வேண்டாம்.

நம்மட மூத்தவன் கணேசன் சிங்கப்பூரில் இருந்து வந்துவிட்டான். எலும்பும் தோலுமாக, ஆனால் உயிரோடு. முந்தாநாள் துறையில் தோணியால் இறங்கி நடந்து வந்தான். நீங்கள் போய் ஏழு மாதம். இன்னும் ஒரு ஏழு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா?

அவனுக்காகத்தானே தன் சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரையிடம் அந்த றேடியோவை வாங்கினீர்கள். யுத்தத்தில் சிங்கப்பூர் எதிரி கையில் விழுந்ததும் அவனுடைய கடிதம் நின்றுபோனது. அங்கே அகப்பட்டவர்களை றேடியோவில் பேச விடுகிறார்களாம் என்று யாரோ சொன்ன ஒரு சொல், அது போதும் உங்களுக்கு. இரண்டு தென்னைக்கு நடுவே ஏரியல் கம்பி. வாவிக்கரைச் சேற்றுக்குள் எர்த் கம்பி. உப்பு ஈரம் பிடித்தால்தான் சத்தம் தெளிவு என்பீர்கள். பொழுதுபட்டதும் குமிழைத் திருப்பினால் உள்ளே நாலு கண்ணாடி வால்வும் மெல்லச் சிவக்கும், சாம்பலுக்குள் கிடக்கும் தணல் மாதிரி. பிறகு ஒரே இரைச்சல். அதற்குள்ளே எங்கேயோ ஒரு மனிசக் குரல் கிட்ட வரும், தூரப் போகும். மயிரிழை கூடத் திருப்பினால் போச்சு. கண்ணை மூடிக்கொண்டு நீங்கள் கடல் தாண்டிப் போயிருப்பீர்கள். பக்கத்தில் இருந்து பாக்கு வெட்டக்கூட என்னை விடமாட்டீர்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமலே உங்களைச் சுடலைக்கு அனுப்பிவிட்டேன்.

றேடியோவுக்கு இரண்டு பற்றறி. வால்வைச் சூடாக்க இரண்டு வோல்ட் அசிட் பற்றறி. குரலை எழுப்பத் தொண்ணூறு வோல்ட் பெரிய பற்றறி. வயர் மாறிவிடாமல் சின்னதுக்குப் போகும் வயரில் வெள்ளை நூலும் பெரியதுக்குப் போகும் வயரில் சிவப்பு நூலும் கட்டி வைத்திருந்தீர்கள். அந்தப் பொங்கலுக்கு முதல் நாள் அசிட் பற்றறியைச் சார்ஜ் பண்ண டவுனுக்குத் தோணியில் போனீர்கள். நான் வீடு மெழுகி, எல்லாம் துடைத்து, றேடியோவுக்கு வந்தேன். நூலெல்லாம் ஒரே அழுக்கு. பொங்கலுக்குப் பழசு கிடக்கக் கூடாதென்று அவிழ்த்து எறிந்துவிட்டுப் புது நூல் கட்டினேன். எந்த நிறம் எதுக்கென்று பார்க்கவில்லை. புத்தி கெட்ட விசரி!

நீங்கள் வந்து நிறத்தைப் பார்த்து வயரைக் கொழுவினீர்கள். நாலு வால்வும் பளீரென்று ஒருதரம் வெளிச்சமடித்தன. அவ்வளவுதான், எல்லாம் எரிந்துபோச்சு. சாமான் கப்பல் வராத காலம், புது வால்வுக்கு எங்கே போவது? "என்ட கைதான் பிழைச்சுப் போச்சு, புள்ள" என்றீர்கள். சாகும்வரை அதையே சொன்னீர்கள். நான் வாய் திறக்கவில்லை. பயம், வெட்கம், இரண்டும்தான்.

நேற்றுச் சோறு தின்னும்போது கணேசன் சொல்கிறான்: "அம்மா, ஒருக்கா எங்களையும் றேடியோவுல பேச விட்டவங்க. தை மாசம், பொங்கல் முடிஞ்சு நாலாம் நாள். 'அப்பா, நான் சுகமா இருக்கன், யோசியாதீங்க' எண்டு சொன்னனான். அப்பா கேட்டவரா?"

எந்த வருசத்துத் தை என்று கேட்டேன். அதே தைதான். ஐயோ, அதே தைதான்.

"ஓம் மகன், கேட்டவர். கேட்டுப்போட்டு அழுதவர்" என்றேன்.

அவன் சிரித்தான். வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

அந்தப் பொய்யை நான் மெய்யாக்குவேன். அங்கே வருகிற அன்றைக்கு, நூலை மாற்றியது நான்தான் என்று முதலில் சொல்வேன். ஆசை தீர ஏசுங்கள். ஏசி முடிந்ததும் காதைக் கிட்டத் தாருங்கள். "அப்பா, நான் சுகமா இருக்கன், யோசியாதீங்க." ஒரு சொல் பிசகாமல், அவன் குரலிலேயே சொல்வேன்.

உங்கட பொஞ்சாதி,
கணேசனின் அம்மா