கமிட்டிக்கு வைத்த காற்றுப் பெட்டி

பிப்ரவரி 3 — காலை 6.40

நிலையத்துக் காற்று சரி. மின்சாரம் சரி. துளைக் கருவி சரி. மறுசுழற்சித் தண்ணீரில் மட்டும் லேசாக மண்வாடை. நிலாவில் மண்வாடை வந்தால் சந்தோஷப்படுவதா, வடிகட்டியை மாற்றுவதா என்று தெரியவில்லை. மாற்றிவிட்டேன்.

இதை எடுத்துப் படிப்பவர் யாரானாலும், உங்களுக்காக: என் பெயர் திருமலைக்கொழுந்து. நெல்லைப் பக்கத்து அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பாறையியல் பேராசிரியர். இந்த நிலையம் அரசின் ஆய்வு மற்றும் பயிற்சி நல்கையில் ஓடுகிறது. ஆய்வு நான். பயிற்சி ஜெபராணி. நாசரேத் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் தற்காலிக விரிவுரையாளர். பயிற்சி பெற ஆள் இல்லாமல் வெறும் ஆய்வுக்கு நல்கை கிடையாது என்பது விதி. அந்த விதிக்காகத்தான் முதலில் அவளைக் கூட்டி வந்தேன். இப்போது துளைக் கருவியை என்னைவிட நன்றாக ஓட்டுகிறாள்.

நல்கை நீட்டிக்கப்பட்டால் அவள் கல்லூரியிலிருந்து வருடத்துக்கு ஒருவர் இங்கே வரலாம். அவளுக்கும் வேலை நிரந்தரமாகும். நீட்டிப்பதா வேண்டாமா என்று கமிட்டி பார்த்துச் சொல்லும்.

பிப்ரவரி 10 — இரவு 9.15

நாளை கமிட்டி. நேரில் இல்லை, கேமரா வழியாக. டெல்லியில் ஐந்து பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள். தலைவர் கோவைக்காரர், பேராசிரியர் நஞ்சப்பன்.

பயிற்சிக் கூடத்தைக் கூட்டிப் பெருக்கினேன். பெருக்கியதும் அது இன்னும் காலியாகத் தெரிந்தது. விண்ணப்பத்தில் நான் எழுதியிருந்த உபகரணங்களில் பாதி அங்கே இல்லை. முக்கியமாகக் காற்றுப் பெட்டி. நாம் வெளிவிடும் கெட்ட காற்றை இழுத்துச் சுத்தம் செய்யும் சாதனம் அது. பயிற்சிக்கு ஒன்று, காப்பறைக்கு ஒன்று என்று இரண்டு கேட்டோம். ஒன்றுதான் வந்தது. அது இருக்க வேண்டிய இடம் காப்பறை.

நிலையத்திலிருந்து ஒரு சுரங்கப் பாதை துளைத் தளத்துக்குப் போகிறது. அதன் கடைசியில் காப்பறை, இரண்டு பேர் முடங்கும் அளவுக்கு ஒரு சின்ன அறை. பாதை அடைபட்டால் தளத்தில் இருப்பவர் அதற்குள் போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆக்ஸிஜன் சிலிண்டர் அங்கே உண்டு. ஆனால் காற்றுப் பெட்டி இல்லாவிட்டால், நாம் விட்ட மூச்சே நம்மைத் தூங்கவைத்துவிடும்.

எங்கள் ஊரில் கமிட்டி வந்தால் பக்கத்துக் கல்லூரியில் மைக்ராஸ்கோப் இரவல் வாங்கி வைப்போம். அடுத்த மாதம் அந்தக் கல்லூரிக்குக் கமிட்டி வரும்போது நம்முடையது அங்கே போகும். யாரும் இதைத் தப்பென்று நினைப்பதில்லை. இங்கே பக்கத்துக் கல்லூரி இல்லை. காப்பறைதான் இருக்கிறது.

ஜெபராணி தூங்கிய பிறகு பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தேன். "அரசு நல்கையின் கீழ் பெறப்பட்டது" என்ற ஸ்டிக்கரை ஒட்டினேன். சந்தனம், குங்குமம் வைத்தேன். கமிட்டி நாளில் யாரும் தளத்துக்குப் போவதில்லை. சாயங்காலம் திருப்பி வைத்துவிடலாம்.

பிப்ரவரி 11 — பகல் 12.30

கமிட்டி நன்றாகத்தான் போனது. காற்றுப் பெட்டியைப் பார்த்து நஞ்சப்பன் தலையாட்டினார். பிறகு கேட்டார்:

"எல்லாம் நல்லா இருக்குதுங்க. பயிற்சிக்கு வந்திருக்கற அம்மிணி துளை போடறத ஒருக்கா நேர்ல பாக்கலாமுங்களா? அங்க பாதுகாப்பெல்லாம் எப்பிடிங்க?"

ஜெபராணி ஏற்கெனவே எழுந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். என் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெட்டி பொட்டோடு உட்கார்ந்திருந்தது. ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் சொன்னது: "தாராளமா பாக்கலாம் சார். அங்க எல்லா வசதியும் இருக்கு."

அவள் போயிருக்கிறாள். கால் மணி நேர வேலை.

பிப்ரவரி 11 — பகல் 1.05

நிலநடுக்கம். சிறியதுதான். பாதையின் மேற்கூரை சரிந்து, இடைக்கதவு தானாக மூடிக்கொண்டது. கமிட்டி இணைப்பு அறுந்தது. அந்தக் கதவு மூடினால் நிலையத்தில் எரிய வேண்டிய கதவு விளக்கும் கெட்டுவிட்டது.

காப்பறையிலிருந்து ரேடியோவில் ஜெபராணி:

"சார், நான் உள்ள வந்துட்டேன். பூட்டிட்டேன். பயப்படாதீங்க. ஆனா காத்துப் பெட்டியக் காணோம் சார். ஷெல்ஃப் காலியா இருக்கு. வேற எங்கயும் மாத்தி வச்சிருக்கீங்களா?"

பயப்படாதீங்க என்று அவள் எனக்குச் சொல்கிறாள்.

"பழுது பாக்க எடுத்திருந்தேம்மா. கொண்டு வாரேன். அசையாம படுத்துக்கோ. பேசாத."

என் வாய் இவ்வளவு சீக்கிரம் பொய் சொல்லும் என்று எனக்கே தெரியாது. மேற்பரப்பு வழியாகத்தான் போக வேண்டும். வெளி உடை ஒன்றுதான் வேலை செய்கிறது. போகிறேன்.

பிப்ரவரி 12 — காலை 4.20

பிழைத்துவிட்டாள்.

பெட்டியை ஏற்றிய வண்டி பாதி வழியில் புழுதியில் மாட்டிக்கொண்டது. பெட்டியைக் கயிறு கட்டி இழுத்தேன். நிலாவில் எடை குறைவு என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பேன். இழுத்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். நான் போய்ச் சேரும்போது அவள் பதில் சொல்வது நின்று வெகு நேரம் ஆகியிருந்தது. பின்பக்கத்து இரட்டைக் கதவு வழியே பெட்டியை உள்ளே தள்ளி, நானும் நுழைந்து, ஓடவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கண் விழித்தாள். முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. ஸ்டிக்கர் பளபளவென்று இருந்தது. பழுது பார்க்க எடுத்த பெட்டிக்கு யாரும் பொட்டு வைக்க மாட்டார்கள்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன், நல்லதாகப் போயிருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் குடித்தாள்.

பிப்ரவரி 14 — மாலை 5.00

பாதையில் சரிந்ததை அள்ளிவிட்டு, இடைக்கதவை ஒரு இரும்புக் கம்பி முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறோம். தற்காலிகம்தான்.

பல்கலைக்கழக நல்கைப் பிரிவிலிருந்து அன்வர்தீன்:

"அண்ணாச்சி, ஜெபராணி மேடமும் கேக்கட்டும். கமிட்டில விசாரிக்காங்க. காப்பறைல எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு? நீங்க ரெண்டு பேரும் சொல்றத அப்படியே எழுதி அனுப்பிருவேன்."

நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன் என்று நம்ப விரும்புகிறேன். அதற்குள் ஜெபராணி மைக்கை வாங்கிக்கொண்டாள்:

"எல்லாம் சரியா இருந்துச்சு சார். பெட்டிய மட்டும் பேராசிரியர் பழுது பாக்க எடுத்திருந்தாங்க. உடனே கொண்டு வந்து குடுத்துட்டாங்க."

நான் கற்றுக்கொடுத்த வார்த்தைகள். ஒன்றுகூட மாறவில்லை. மைக்கை என்னிடம் திருப்பித் தந்தாள். "ஆமா" என்றேன்.

அவமானம் என்றால் நாலு பேர் முன்னால் தலைகுனிவது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இங்கே இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருத்தி என்னைக் காப்பாற்றுகிறாள்.

மார்ச் 9 — காலை 10.30

கமிட்டி அறிக்கை வந்தது. "பயிற்சி வசதிகள் முன்மாதிரியானவை" என்று எழுதியிருக்கிறார்கள். இறுதிப் பார்வை ஏப்ரலில். அதுவும் ஒப்பேறினால் நீட்டிப்பு நிச்சயம் என்று அன்வர்தீன் சொல்கிறார்.

விபத்துக்குப் பிறகு நாங்கள் கேட்டிருந்தவை: இன்னொரு காற்றுப் பெட்டி, புது இடைக்கதவு, கதவு விளக்கு. மூன்றும் மறுக்கப்பட்டன. காரணம்: போதிய வசதிகள் ஏற்கெனவே உள்ளதைக் குழு நேரில் கண்டது.

அவர்கள் மேல் கோபப்பட நினைத்தேன். முடியவில்லை. நான் காட்டியதைத்தானே கண்டார்கள்.

ஜெபராணி இப்போது அறிக்கையெல்லாம் எழுதப் பழகிவிட்டாள். எந்தப் படத்தை முன்னால் போட வேண்டும், எந்தச் செலவை எந்தத் தலைப்பில் காட்ட வேண்டும் என்று அவளுக்கே தெரிகிறது. நான் திருத்த ஒன்றும் இருப்பதில்லை. நேற்று அவள் எழுதிய பக்கத்தைப் படித்தபோது என் எழுத்து மாதிரியே இருந்தது. மூடி வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 21 — இரவு 8.45

நாளை இறுதிப் பார்வை. அன்வர்தீன்:

"அண்ணாச்சி, போன தடவ இருந்த ஏற்பாடு அப்படியே இருக்கட்டும்னு சொல்லிருக்காங்க. கூடத்துல ஒண்ணும் கொறையக் கூடாது. பாத்துக்கிடுங்க."

அப்படியே என்றால் பெட்டியும்தான். இந்த முறை அதைத் தொடப்போவதில்லை. அது மட்டும் உறுதி. பெட்டி காப்பறையில் இருக்கட்டும், நல்கை போனால் போகட்டும் என்று ஜெபராணியிடம் சொல்ல வேண்டும். மூன்று தடவை அவள் பக்கம் போய் நின்றேன். அதைத் தொடாதே என்று சொன்னால், போன தடவை தொட்டது யார் என்ற பேச்சு வரும். தண்ணீர் வடிகட்டியைப் பற்றி விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

நாளை பார்வையை அவளே நடத்தட்டும் என்று சொல்லியிருக்கிறேன். பயிற்சி பெற்றவரே பேசினால் குழுவுக்குப் பிடிக்கும் என்று காரணம் சொன்னேன். உண்மைக் காரணம், அந்தக் கூடத்தில் கேமரா முன்னால் அவள் பக்கத்தில் நிற்க என்னால் ஆகாது. நான் தளத்தில் போய் வேலை பார்க்கிறேன்.

ஏப்ரல் 22 — காலை 9.40. துளைத் தளம்

அவள் எழுவதற்கு முன்பே வந்துவிட்டேன். கருவி சீராக ஓடுகிறது. ஜெபராணி ரேடியோவில் வந்தாள்:

"சார், தளத்துக்கா போயிருக்கீங்க? நீங்க உங்க ரூம்ல இருப்பீங்கன்னு நெனச்சேன். பெட்டிய நேத்து ராத்திரியே எடுத்துட்டு வந்து கூடத்துல வச்சிட்டேன். நீங்க எங்கிட்ட கேக்கக் கூச்சப்படுவீங்கன்னுதான் சார் நானே செஞ்சேன். நேத்து மூணு தடவ வந்து வந்து நின்னீங்களே. இப்பத் திரும்பி வந்துருங்க. இல்லன்னா கமிட்டி முடிஞ்ச உடனே நான் கொண்டாந்து வச்சிருதேன்."

வடிகட்டியைப் பற்றிக் கேட்ட மூன்று தடவையையும் அவள் எண்ணியிருக்கிறாள். நான் எதற்கு வந்து நின்றேன் என்பதைத்தான் தலைகீழாகப் புரிந்துகொண்டாள். அப்படிப் புரிந்துகொள்ளும்படி நான்தான் நடந்திருக்கிறேன்.

உடனே கிளம்பித் திரும்பியிருக்க வேண்டும். பெட்டியைத் தூக்கி வந்து இங்கே வைத்திருக்க வேண்டும். கால் வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது. "சரிம்மா, நீ நடத்து" என்றேன்.

ஒரு மணி நேரம்தானே.

ஏப்ரல் 22 — காலை 10.25. காப்பறை

நடுக்கம். முன்னதைவிடச் சிறியது. நிலையத்தில் தெரிந்தேயிருக்காது. முட்டுக்கொடுத்த கம்பி நழுவி இடைக்கதவு விழுந்துவிட்டது. தளத்தில் காற்றுக் கசிவு. காப்பறைக்குள் வந்து பூட்டிக்கொண்டேன்.

ஷெல்ஃப் காலி. சிலிண்டர் இருக்கிறது. தூசியில் பெட்டி இருந்த சதுரம் தெரிகிறது. இழுத்த தடம்கூட இல்லாமல் தூக்கியிருக்கிறாள், எல்லாவற்றையும் சுத்தமாகச் செய்பவள்.

நிலையத்தில் கதவு விளக்கு எரியாது. நான் கூப்பிட்டால்தான் அவளுக்குத் தெரியும். கூப்பிட்டால் கூடத்து ஒலிபெருக்கியில் விழும். கமிட்டி கேட்கும். பெட்டி எங்கே இருக்க வேண்டியது என்று கேட்பார்கள். எடுத்தது யார் என்று கேட்பார்கள். இந்தத் தடவை எடுத்தது அவள் கை.

கமிட்டி முடியட்டும். பிறகு கூப்பிடுகிறேன்.

10.50

கூடத்துப் பேச்சு ரேடியோவில் இங்கே கேட்கிறது. நன்றாகப் பேசுகிறாள். நஞ்சப்பன் இரண்டு தடவை சிரித்தார்.

லேசாகத் தலைவலி.

11.20

கேள்விகள் நீள்கின்றன. இந்த ஆள் எப்போதும் இப்படித்தான். தலை கனக்கிறது. அன்று அவளும் இங்கே, இதே பலகையில்தான் படுத்திருந்தாள். பயப்படாதீங்க என்று சொன்னாள்.

படிப்பவருக்கு: முதல் தடவை பெட்டியை எடுத்தது நான். பழுது பார்க்க இல்லை. கமிட்டிக்காக. அவள் பேரில் தப்பு எழுதாதீர்கள். இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் இன்று இரண்டு பெட்டி இருந்திருக்கும்.

இவ்வளவையும் உங்களுக்கு எழுத முடிகிறது. ரேடியோப் பொத்தானை அழுத்தி அவளிடம் சொல்ல முடியவில்லை.

11.3

விரல் பொத்தான்மேல்தான் இருக்கிறது. அழுத்தத்தான் போனேன். அதற்குள் நஞ்சப்பன் குரல்:

"உங்க பேராசிரியரக் காணோமுங்களே. எங்கீங்க?"

அவள்:

"தளத்துல வேல பாத்துட்டு இருக்காங்க சார்."

"தனியாவா? அங்க பாதுகாப்புக்கு எல்லாம்?"

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். சொல்லிவிடு என்று நினைத்தேன். நான் சொல்லாததை நீயாவது சொல்லிவிடு.

"அங்க எல்லா வசதியும் இருக்கு சார்."

குரலில் துளி நடுக்கம் இல்லை. விரலை எடுத்துவிட்டேன். இன்னும் ஒரே ஒரு கேள்விதான் இருக்கும். முடிந்ததும் அவளே பெட்டியோடு வருவாள், வெளி உடை அங்கேதான், வழி தெரியும், நான்தான் சொல்லிக்கொடு

பயிற்சி முடிந்