பிள்ளை வரேக்கை காட்ட

என் முதல் வாடிக்கையாளரான அப்பாவுக்கு,

உங்கள் பேத்தி இப்போதுதான் நித்திரையானாள். மூச்சு விடுகிறாளா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டேன். மூன்று வயதுப் பிள்ளையை இப்படியும் பார்ப்பார்களா என்று நீங்கள் சிரிப்பீர்கள். கவனிக்க வேண்டியதைக் கவனிக்காமல் விட்டவள் அப்பா நான். இப்போது எல்லாவற்றுக்கும் பயமாக இருக்கிறது.

படிப்பு முடித்த கையோடு, மற்றவர்களின் இணையத்தளங்களை வைத்துப் பராமரிக்கும் கம்பனி தொடங்கப் போகிறேன் என்று ரொம்மனில் இருந்த நம் வீட்டில் சொன்னேனே, நினைவிருக்கிறதா?

"ஆரின்ரை தளத்தை வைச்சிருக்கிறாய்?"

"இன்னும் ஒருத்தரும் வரேல்லை."

"அப்ப என்ரையைப் போடு."

உங்களிடம் தளமே இருக்கவில்லை. எனக்காகத்தான் ஒன்று தொடங்கினீர்கள். பஸ் ஓட்டிவிட்டு வந்து, அன்று பஸ்ஸில் கண்டதையும் கேட்டதையும் அதில் தினமும் நாலு வரி எழுதுவீர்கள். குறொன்லாண்ட் தரிப்பில் ஏறிய ஒருவர் கறிவேப்பிலைப் பையை மறந்து இறங்கிப் போக, அன்று முழுக்க பஸ் மணத்ததாம். அது மட்டும் எனக்கு மனப்பாடம். மற்றவற்றை ஏன் நான் ஒழுங்காக வாசிக்கவில்லை?

"முதல் கஸ்டமர் நான்தான்" என்று கடை கடையாகச் சொல்லித் திரிந்தீர்கள். அதைக் கேட்டுக் கடைக்காரர்கள் வந்தார்கள். பிறகு ஒரு பல் வைத்தியர், பிறகு பெரிய நிறுவனங்கள். துரொண்ட்ஹெய்ம் நகரில் இருந்த இன்னொரு கம்பனியோடு சேர்ந்தோம், பெயரும் மாறியது. புதுப் பெயரை உங்களுக்குச் சொன்னேனா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

புதிய சேர்வர்களுக்கு மாறும்போது பழைய வாடிக்கையாளர் எல்லோருக்கும் மின்னஞ்சல் போனது. குறித்த நாளுக்குள் சம்மதம் தராவிட்டால் தளம் நீக்கப்படும் என்று அதில் இருந்தது. அந்த நோர்வேஜிய வசனங்களை எழுதியவள் நான்தான். தெளிவாக இருக்கிறது என்று பாராட்டினார்கள்.

பஸ்ஸில் நோர்வேஜியனில் பகிடி விட்டுச் சிரிக்க வைக்கிற உங்களுக்கு, அந்த மொழியில் கடிதம் என்றால் மட்டும் பயம். எட்டு வயதிலிருந்து உங்களுக்கு வரும் கடிதங்களை வாசித்துச் சொன்னவள் நான். அதனால் அன்றைக்கும் எனக்குத்தான் போன் எடுத்தீர்கள்.

"பிள்ளை, ஈமெயிலிலை ஒரு கடிதம் வந்து கிடக்கு. ஒருக்கா வாசிச்சுச் சொல்லுறியே?"

"அவசரமே அப்பா?"

"தெரியேல்லை. ஏதோ கம்பனி. கேள்விப்படாத பேர்."

"விளம்பரமாயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்து பாக்கிறன்."

"ஓம், ஓம். சின்னவளுக்குக் காய்ச்சல் எண்டாய், முதல்லை அதைப் பார்."

அந்த ஞாயிறு நான் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. பிறகொரு நாள், "என்ரை தளம் திறக்குதில்லை பிள்ளை" என்றீர்கள். பார்க்கிறேன் என்றேன். நீக்கிய தளத்தின் பிரதியைக் கொஞ்ச நாள்தான் வைத்திருப்போம். அந்த விதியும் நான் போட்டதுதான். நான் தேடிப் போனபோது எல்லாம் அழிந்திருந்தது. அதை உங்களிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்த கிழமையில்தான் உங்கள் இதயம் நின்றது.

செத்தவீட்டுக்கு அடுத்த நாள் உங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அந்த மின்னஞ்சலைக் கண்டேன். நூலகத்தில் அச்செடுத்து, காந்தம் வைத்து ஒட்டி, மேலே பேனையால் எழுதியிருந்தீர்கள்: "பிள்ளை வரேக்கை காட்ட."

நான் எழுதிய கடிதத்தை, நான் வரும்போது எனக்கே காட்ட வைத்திருந்தீர்கள். கடைசிவரை உங்களுக்கு அது தெரியாதா? தெரிந்தும் பேசாமல் இருந்தீர்களா?

இப்போது எங்கள் கம்பனியில், சொந்தக்காரரோடு போனில் கதைக்காமல் எந்தத் தளத்தையும் நீக்க முடியாது. "நேரம் எடுக்குமே" என்றார்கள் கூட்டத்தில். எடுக்கட்டும் என்றேன்.

உங்கள் தளத்தின் பழைய முகவரியை மறுபடி திறந்து, இந்தக் கடிதத்தை அங்கேதான் வைக்கிறேன். வாசிக்கிறவர்களில் யாராவது உங்கள் நாலு வரிகளில் எதையாவது அச்செடுத்தோ படம் பிடித்தோ வைத்திருந்தால் அனுப்பட்டும். ஒரு வரி வந்தாலும் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திராமல், வந்த அன்றைக்கே வாசித்து ஏற்றுவேன் அப்பா.

வாசிக்கப் பிந்திய,
உங்கள் பிள்ளை