கைக்கு வந்த கிளச்

மஹய்யாவ,
கண்டி.
தைப்பூசம் கழிந்த கிழமை.

அன்பு மகன் ரமேஸுக்கு,

அம்மா அங்கம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் எழும்பி நடமாடுகிறோம். கட்டாரில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் உன் அண்ணன் பேச்சை எடுத்தாலே டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது உன் மேசையிலேயே கிடக்கும். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். தோட்டத்துப் பள்ளிக்கூடம் எனக்குக் கொடுத்தது அவ்வளவுதான்.

சீனி வருத்தத்தில் அண்ணனுக்கு இடது காலை எடுத்தார்களே, அதிலிருந்து அவன் நம் பழைய வொக்ஸ்வேகன் காரில் ஏறவே இல்லை. பொய்க்கால் போட்டு வீட்டுக்குள் நடக்கிறான். ஆனால் கிளச்சை மிதித்தால் அந்தக் கால் பெடலில் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று தெரியாதாம். மாநகர சபைத் தண்ணீர் பவுசர் லொறியை இந்த மேடு பள்ளமெல்லாம் ஓட்டினவன், கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் கட்டுப் பிரிக்காமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ போனில் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "அப்பாவோட அந்தத் தகரத்த வித்துத் தொலைங்க, இனி யார் ஓட்டப் போறா." நான் எதையும் மறக்கிறவள் இல்லை, மகன். அவனும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் பேசவில்லை. ஆனால் உன் சொல்படியே, பழைய கார் எடுக்கும் மடவளை லாபிரிடம், வந்து கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டான்.

அப்போதுதான் அண்ணன் மகள் லோஜினி குறுக்கே வந்தாள். தைப்பூசம் வரைக்கும் பொறுங்கள், அதற்குள் அப்பா ஓட்டாவிட்டால் நானே காரைத் தள்ளிவிடுகிறேன் என்றாள். த்ரீவீலரில் வரும்போது டிரைவரின் இடது கையையே பார்த்துக்கொண்டு வந்தாளாம். அவர்களுக்குக் கிளச் கையில்தானே. அதேபோல் கியர்க் கம்பியோடு ஒரு பிடியைப் பூட்டி, அங்கிருந்து கேபிள் இழுத்துப் பெடலை அமுக்க வைக்கப் போவதாகச் சொன்னாள்.

என்னையும் குனிய வைத்துக் காட்டினாள். எஞ்சின் பின்னால் இருக்கிறது, மிதிப்பது முன்னால். நடுவிலே நாம் உட்கார்ந்து போன தரைக்குக் கீழே ஒரு கம்பி ஓடுகிறது. என் சுண்டு விரல் தடிப்புக்கூட இல்லை. உங்கள் இருவரையும் மடியில் வைத்துக்கொண்டு நான் எத்தனை தடவை அந்தக் காரில் போயிருப்பேன்! அத்தனை தடவையும் அந்த ஒரு கம்பியை நம்பித்தான் போயிருக்கிறோம். கோயிலில் நிற்பதுபோல் நின்றேன்.

முதலில் த்ரீவீலர்க் கேபிளையே போட்டாள். அண்ணன் கதிரையை விட்டு எழும்பாமல் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு இழுவையில் கேபிளின் ஈயத்தலை பிய்ந்து வந்தது. அவன் மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டான். பிள்ளை அழவில்லை. "கம்பிக்கு மூலை முடக்கு ஆகாது அப்பாயி, பாம்பு மாதிரி வளையவிடணும்" என்று என்னிடம் சொல்லித் தடித்த கேபிளாக வாங்கி, அகல வளைத்துப் போட்டாள். பிடியையும் நீளமாக்கினாள், கைக்குப் பாரம் தெரியாதாம். பூசத்தன்று சாயங்காலம் நானே இழுத்துப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரிப் போனது.

மறுநாள் காலையில் லாபிர் காரை இழுத்துப் போகக் கயிறும் கையுமாக வந்து நிற்கிறார். லோஜினி பிடியை இழுத்தால் அசைய மாட்டேன் என்கிறது. அண்ணன் வாசலில் நின்றபடி, போதும் பிள்ளை, விடு, அவர் கொண்டு போகட்டும் என்றான். அந்தக் குரலை நீ கேட்டிருக்க வேண்டும்.

அவள் கேபிள் உறையின் வாயைத் தடவிப் பார்த்தாள். விரலில் வெள்ளையாக ஒட்டியது. மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். தேங்காயெண்ணெய்! ஹுன்னஸ்கிரியவிலிருந்து வந்திருந்த அவளுடைய அம்மம்மா, நம் சம்பந்தி அன்னலட்சுமி, நன்றாக வழுக்கட்டும் என்று இரவு படுக்கப் போகுமுன் ஊற்றியிருக்கிறாள். தைக் குளிருக்கு உறைந்துவிட்டது. அடுப்படியில் வைத்து உருக்காமல் தலைக்கு எண்ணெய் எடுக்க முடியாத ஊர்க்காரி செய்த வேலை இது. அண்ணன் கலியாணத்தில் நம் பாயசத்தைப் பந்தியில் வைத்தே தண்ணி என்று சொன்னவள் அவள். கேட்க எனக்கு எவ்வளவோ இருந்தது. ஆனால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், பாவம். நான் போய்ச் சுடுதண்ணீர் வைத்தேன்.

சுடுதண்ணீரில் நனைத்த துணியை உறைமேல் சுற்றச் சுற்ற எண்ணெய் உருகி வழிந்தது. லோஜினி பிடியை இழுத்தாள். போனது. அப்பாவைப் பார்த்தாள். அவன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து ஏறினான். நான் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். வேண்டாம் என்றார்கள், நான் கேட்கவில்லை.

முதல் தடவை குலுங்கி நின்றுவிட்டது. அடுத்த தடவை பழங்கள் நசுங்குகிற சத்தம் கேட்டது. கோயில் மேடு தெரியும்தானே? அதில் ஏறினோம். நான் ரோட்டைப் பார்க்கவில்லை, அவன் இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிடிக்கிறது, கியரைத் தள்ளுகிறது, மெல்ல விடுகிறது. ஒரு கால் செய்த வேலையை ஒரு கை கற்றுக்கொள்கிறதை நான் என் கண்ணால் பார்த்தேன், மகன். மேட்டு உச்சியில் நிறுத்தினான். அவன் பிடரியெல்லாம் வேர்வை. திரும்பாமலே "அம்மா, போவுதும்மா" என்றான். நாங்கள் இறங்கி வந்தபோது லாபிர் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டார்.

இனி மோட்டார் வாகன அலுவலகத்தில் காரைக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். அதுவரை பெரிய ரோட்டுக்குப் போவதில்லை, நம் சந்துக்குள் மட்டும்தான். சித்திரைக்குள் கிடைத்துவிடும் என்று லோஜினி சொல்கிறாள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். சந்துக்குள் ஓட்டும்போது அண்ணன் யாரையும் பக்கத்துச் சீட்டில் உட்கார விடுவதில்லை. சம்பந்தி ஏறப் போனாள், பின்னால் போகச் சொன்னான். நான் போனேன், எனக்கும் அதே. அது யாருடைய சீட் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அந்தச் சீட்டுக்குச் சண்டை பிடித்தது யார் என்று எனக்குத் தெரியாதா?

சித்திரைக்கு லீவு கேள், மகன். கண்டி ஸ்டேஷனில் வந்து நில், கார் வரும். உன் கையும் காலும் குறையில்லாமல் இருக்க முருகன் காக்கட்டும்.

உன்னைப் பெற்ற,
அங்கம்மா.