'இறுதி' என்று பெயரிட்ட படிமம்

சூன் 3, செவ்வாய்

அவையோரே! உழைக்கும் தோழர்களே! நம் மருத்துவமனைக் கணினிகளுக்குள் ஒரு பொய்யன் குடியிருக்கிறான். அவனை வெளியேற்ற இங்கே எவருக்கும் நேரமில்லை!

வெள்ளியன்று வாயிற்கூட்டத்தில் இப்படித்தான் தொடங்கவேண்டும். கைதட்டுவார்கள். விளங்கியிருக்குமா? முதலில் எனக்கே விளங்கும்படி இங்கு எழுதிப் பார்க்கிறேன்.

வாயிலில் நான் தொழிற்சங்கத்தின் குரல். மாடியில் கணினிப் பிரிவில் நிறுவல் படிமங்களைக் காப்பவன். ஒரு கணினியைக் குறையின்றி அமைத்து அதை அப்படியே படியெடுத்து வைத்தால் அது படிமம். அதைக் கொண்டு எத்தனை கணினியிலும் இயங்குதளத்தை ஏற்றலாம். நம் படிமத்தில், கணினியை வலையோடு இணைக்கும் வலையட்டையை ஆளும் சிறு மென்பொருளான இயக்கி மிகப் பழையது; அதுதான் அந்தப் பொய்யன். தனக்குத் தோன்றும்போது அட்டையை உறங்கவைக்கிறது, எழுப்ப மறக்கிறது. எழுத்தர் அறையில் அச்சுப்பொறி நின்றுபோகும். திட்டிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்குவார்கள். தீவிர மருத்துவப் பிரிவில் எது நின்றுபோகும்?

சூன் 4, புதன்

அப்பிரிவின் தலைமைச் செவிலி என் அக்காதான். நேரில் போய்க் கேட்டேன். எல்லாக் கட்டில்களின் நாடித்துடிப்பும் வலைவழியே அவள் மேசைத் திரைக்கு வரும். துடிப்பு தாழ்ந்தால் அது உரக்க அலறும். கட்டிலருகே இருக்கும் கருவியோ நோயாளிகள் உறங்கட்டும் என்று முனகுவதோடு சரி. அந்த மேசைக்கு அடுத்த கிழமை புதுக் கணினிகள் வருகின்றன.

"பழைய இயக்கி அதில் ஏறக்கூடாது அக்கா."

"இயக்கியா? மேடைத் தமிழ் வேணாம்டா சாமி. மனுசங்க பேசுற மாதிரி சொல்லு."

"டிரைவர். டிரைவர் பழசாயிடுச்சு. தூக்கியே ஆகணும்."

சன்னலோரக் கட்டிலிலிருந்து ஒரு தலை எழுந்தது. வாழ்நாளெல்லாம் சரக்குந்து ஓட்டிய பெரியவர். பிரிவு முழுவதற்கும் 'டிரைவர் ஐயா'.

"என்னையவா தம்பி தூக்கப் போறீங்க? இன்னும் மூச்சு இருக்குப்பா!"

அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். படியிறங்கிய பின்னும் அந்தப் பேச்சு காதிலேயே நின்றது.

சூன் 5, வியாழன்

புதிய இயக்கியைப் படிமத்தில் சேர்த்து நிறுவிப் பார்த்தேன். பழையதே ஏறியது. மீண்டும் செய்தேன். மீண்டும் பழையதே! பேயா இது?

பேயில்லை. இரண்டும் உள்ளே இருந்தால், வலையட்டையின் அடையாள எண்ணை அப்படியே சொல்லும் இயக்கியை இயங்குதளம் தேர்ந்தெடுக்கிறது. பழையவன் அதைத் துல்லியமாகச் சொல்கிறான். புதியவன் அந்த வகை அட்டைகளுக்கெல்லாம் பொதுவாகப் பேசுகிறான். ஆகவே சேர்த்தால் போதாது, நீக்கவேண்டும். "சேருங்கள், சேருங்கள்!" என்று தொண்டை கிழியக் கத்தியே பழகியவன் நான். நீக்குவது எனக்கு எங்கே வரும்?

சூன் 6, வெள்ளி

நீக்கினேன். புதுப் படிமம் நாள் முழுதும் உறங்காமல் ஓடியது. 'தூய்மை' என்று பெயரிட்டேன்.

பழைய படிமத்தின் பெயர் 'இறுதி'. இனித் திருத்த ஒன்றுமில்லை என்று நான் நினைத்த நாளில் வைத்தது. அக்காவிடம் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரில எவனாவது இறுதின்னு பேர் வைப்பானா? நல்ல வாய்டா உனக்கு."

அதை அழித்துவிட மேலாளரிடம் இசைவு கேட்டேன். "ரெண்டும் இருக்கட்டும் பேச்சாளரே. மத்த பிரிவெல்லாம் அதுலதான ஓடுது? ஓடுறதைத் தொடாதீங்க."

மாலை வாயிலில் முழங்கினேன். கைதட்டல் பலமாக இருந்தது. கலையும்போது ஒருவர் கேட்டார்: "அந்தப் பொய்யன் யாருங்க, புது மேலாளரா?"

சூன் 9, திங்கள்

சங்கத்தின் தலைமைக் கூட்டத்துக்கு வெளியூர் வந்திருக்கிறேன். புதுக் கணினிகளில் படிமத்தை ஏற்றும் நிறுவுநர்கள் நாளை வருவதாக ஏற்பாடு. நானே உடனிருப்பேன்.

சூன் 10, செவ்வாய்

காலையில் ஊர் திரும்பிப் பார்த்தால், நிறுவுநர்கள் நேற்றே வந்து முடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்!

தொலைபேசியில் பிடித்தேன். "எதைப் போட்டீங்க?"

"'இறுதி'தான் சார். ஃபைனல்னா அதுதான கடைசி?"

"'தூய்மை'ன்னு ஒண்ணு இருந்துச்சே!"

"அதுவா? ஏதோ க்ளீனிங் சாஃப்ட்வேர்னு நினைச்சோம் சார்."

போச்சு. தூய தமிழில் பெயர் வச்சு நானே குழி வெட்டியிருக்கேன்.

மேலாளரிடம் ஓடினேன். பிரிவை ஒருநாள் நிறுத்தி மறுபடி நிறுவவேண்டும் என்றேன். நாளை ஆய்வுக் குழு வருகிறதாம். "இப்ப நிறுத்தினா என் தலை போயிடும்."

"நோயாளி தலை போனா?"

"இது மேடை இல்லீங்க."

சூன் 11, புதன்

ஆய்வுக் குழு பாராட்டிவிட்டுப் போனது. எல்லாத் திரைகளும் ஓடுகின்றன. அதுதான் அச்சமாக இருக்கிறது.

சூன் 12, வியாழன்

உண்ணும் நேரத்தில் அக்காவின் அழைப்பு.

"எழுபத்திரண்டுன்னு காட்டுதுடா. மருந்து எடுத்துட்டு வரேன், அப்பவும் எழுபத்திரண்டு. ஃபோன் பேசி முடிக்கிறேன், அப்பவும் அதே. உயிருள்ள மனுசனுக்கு ஒரே நம்பர் நிக்குமா? எந்திரிச்சுப் போய்ப் பார்த்தா டிரைவர் ஐயாவுக்கு உதடெல்லாம் நீலம்."

பிழைத்துக்கொண்டார். அவள் எழுந்து போனதால் பிழைத்தார்.

அட்டை உறங்கிவிட்டது. கடைசியாக வந்த எண்ணைத் திரை பிடித்துவைத்துக்கொண்டது. அலறவில்லை, அதற்கு ஒன்றும் தெரியாதே! அக்கா கணினியை மறுபடி தொடங்கியிருக்கிறாள். மீண்டும் எப்போது உறங்கும்? யாரறிவார்?

சூன் 13, வெள்ளி

நடந்ததைப் பற்றி நேற்றே நாங்கள் இருவரும் எழுதிக் கொடுத்த முறையீடுகளுக்கு விடை வந்தது. திரையை ஒழுங்காகக் கவனிக்கவில்லை என்று அக்காவைப் புறநோயாளர் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்! கவனிக்கவில்லையாம். கவனித்ததால்தானே அந்த மனிதர் உயிரோடு இருக்கிறார்?

மேலாளர் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "விசாரணைன்னு வந்தா முதல் கேள்வி என்ன தெரியுமா? இறுதின்னு பேர் வச்சது யாருன்னு."

திரும்பி நடந்தேன். இன்று வாயிற்கூட்டத்தில் நான் பேசவுமில்லை.

அக்கா மட்டும் விடவில்லை. "என்னை மாத்தினது கிடக்கட்டும். அங்க வந்திருக்கிற புதுப் பொண்ணு திரையை நம்புது. போய்ச் சொல்லு."

போய்ச் சொன்னேன். "சரிங்கண்ணா, எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்குறேன். ஆனா இத்தனை கட்டிலுக்கு நான் ஒருத்திதான இருக்கேன்?" என்றாள்.

டிரைவர் ஐயா கண் திறந்து பார்த்தார். "என்ன தம்பி, பழைய டிரைவரைத் தூக்கிட்டீங்களா?"

"திங்கக்கிழமை தூக்கிடுவேன் ஐயா."

ஏன் திங்கள் என்றேன்?

சூன் 16, திங்கள்

சன்னலோரக் கட்டிலில் புதிய விரிப்பு. ஒரு சுருக்கமில்லை. புதுச் செவிலி சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். "இருந்துச்சுண்ணா. எழுபத்திரண்டுன்னு இருந்துச்சுண்ணா." இதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேசைத் திரையைப் பார்த்தேன். அந்தக் கட்டிலின் நேரே இன்னும் எழுபத்திரண்டு.

கணினியின் மின்வடத்தை என் கையாலேயே பிடுங்கினேன். மாடிக்கு வந்து 'இறுதி'யை அழித்தேன். எவரிடமும் இசைவு கேட்கவில்லை. மேலாளர் அழைத்துக்கொண்டே இருக்கிறார், எடுக்கவில்லை. பெயர் வைத்தவன் நான்தான் என்று எழுதிக் கையெழுத்திட்டு அவர் மேசைமேல் வைத்திருக்கிறேன்.

ஆனால் நிறுவுநர்களின் பென்டிரைவில் ஒரு படி இருக்கிறது. அதை ஏற்றக் குழந்தைகள் பிரிவுக்கு இன்றே வருகிறார்கள், வண்டி கிளம்பிவிட்டதாம், அழைத்தால் எவரும் எடுக்கவில்லை.

வாயிலில் பேசப்போவது இவ்வளவே:

தோழர்களே, கை தட்டாதீர்கள். செவிலியரே, திரையை விட்டுவிட்டு நோயாளியின் மணிக்கட்டைப் பிடியுங்கள். மற்றவர்கள் என்னோடு வாயிலை மறித்து நில்லுங்கள். அந்தப் பென்டிரைவ் உள்ளே போகக்கூடாது. நாளையல்ல, மாலையல்ல. இப்போதே வாருங்கள்!